அம்மைக்கு மருந்து உண்டு

‘அம்மைக்கு மருந்து கிடையாது, கொடுக்கவும் கூடாது.’ படித்தவர், படிக்காதவர், நகரம், கிராமம் என்ற வேறுபாடில்லாமல் தமிழ்நாடு முழுக்கச் செல்லுபடியாகும் மருத்துவ விதி இது. சர்க்கரைக்கு மாத்திரை, தலைவலிக்கு மாத்திரை, தூக்கம் பிடிக்காவிட்டால் மாத்திரை என்று வாழும் குடும்பங்கள்கூட, உடம்பில் நாலு முத்து தென்பட்டதும் மருந்து டப்பாவை மூடி வைத்துவிடுகின்றன. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறுகிறது. அடுக்களையில் தாளிப்பு நிற்கிறது. டாக்டரிடம் காட்டலாமா என்று மெல்லக் கேட்கும் மருமகளை நாலு பேர் சேர்ந்து அடக்குகிறார்கள்.

இந்தத் தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் எடுத்துவைக்கலாம். சின்னம்மை தானாக வந்து தானாக இறங்கும். காய்ச்சல் இரண்டு மூன்று நாள், கொப்புளம் ஒரு வாரம், பொருக்கு உதிர இன்னும் சில நாள். தனி அறை, வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர், நுங்கு, காரமில்லாத சோறு, கடைசியில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்று முறை தலைக்கு ஊற்றுவது, இவ்வளவு போதும். பாட்டிக்கு இப்படித்தான் இறங்கியது, அப்பாவுக்கும் இப்படித்தான். நடுவில் மருந்து கொடுத்தால் வெளியே வரவேண்டியது உள்ளே அமுங்கிவிடும். ஒரு முறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் பயமில்லை. ஆகவே சின்ன வயதிலேயே வந்து போகட்டும். தடுப்பூசியெல்லாம் தனியார் மருத்துவமனைகளின் வியாபாரம்.

இதில் பாதி சரி. நோயாளியைத் தனியே வைப்பது, விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்புவது, பொருக்கு காயும்வரை வெளியே விடாதிருப்பது ஆகிய மூன்றும் இன்றைய தொற்றுநோயியலும் சொல்வதுதான். வாய்க்குள் கொப்புளம் இருக்கும்போது காரத்தை நிறுத்துவதில் தவறொன்றுமில்லை. ஆரோக்கியமான ஐந்து வயதுக் குழந்தைக்குச் சின்னம்மை கண்டால், பெரும்பாலும் அது தழும்புகூட இல்லாமல் தேறிவிடுகிறது என்பதும் உண்மை. 12 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளுக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது. மீதிப் பாதியில்தான் உயிர்போகும் பிழைகள் இருக்கின்றன.

அந்த விதி பிறந்த காலத்தில் அது பிழையாக இருக்கவில்லை. பெரியம்மை கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துகொண்டிருந்த காலம் அது. எந்த வைத்தியரிடமும் மருந்து இல்லை. குளிர்ச்சி, தனிமை, வேண்டுதல் ஆகியவற்றைத் தவிர ஒரு குடும்பத்தால் செய்யக்கூடியது எதுவுமில்லை. சின்னம்மை பெரியம்மையின் தம்பி அல்ல, தனி நோய் என்று இங்கிலாந்தின் வில்லியம் ஹெபர்டன் தெளிவாகப் பிரித்துக் காட்டியதே 1767இல்தான். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார அமைப்பு அறிவித்தது. நோய் ஒழிந்தது, அந்த நோய்க்காக வீடுகள் இயற்றிய சட்டம் மட்டும் ரத்தாகவில்லை. சம்பந்தமே இல்லாத வேறொரு வைரஸின் மேல் இன்னும் அமலில் இருக்கிறது.

1. மருந்து இல்லையா? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அதன் பெயர் அசைக்ளோவிர். அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது உண்டு. சிற்றூர் மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

‘உள்ளே அமுங்கிவிடும்’ என்ற பயத்துக்கு இந்த மருந்து வேலை செய்யும் விதமே பதில். விழுங்கிய நிலையில் அது ஏறக்குறையத் தூங்கும் மருந்து. வைரஸ் புகுந்த செல்லுக்குள் வைரஸே தயாரிக்கும் ஒரு நொதிதான் அதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த மருந்து, வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும் மரபணு இழையில் போய் ஒட்டி, இழை மேற்கொண்டு நீளாமல் செய்துவிடுகிறது. எதையும் உள்ளே தள்ளும் வேலை அதனிடம் கிடையாது. போதாததற்கு, கொப்புளம் வெளியே தெரியும் நேரத்தில் வைரஸ் ஏற்கெனவே உள்ளே இருந்துதான் வருகிறது. மூச்சுவழி புகுந்து, நிணநீர் முடிச்சுகளில் பெருகி, ரத்தத்தில் சுற்றிய பிறகே அது தோலுக்கு வருகிறது. புகுந்த நாளிலிருந்து தடிப்பு தெரிய 10 முதல் 21 நாள் ஆவது அதனால்தான்.

இந்த மருந்துக்குக் கெடு உண்டு. அமெரிக்கக் கடற்படை மருத்துவமனையில் பெரியவர்களிடம் நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வில், தடிப்பு கண்ட 24 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கியவர்களுக்குக் கொப்புளங்கள் குறைந்தன, பொருக்கு சீக்கிரம் கட்டியது, காய்ச்சல் முன்னதாக விட்டது. அதற்குப் பிறகு தொடங்கியவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் ‘ரெண்டு நாள் பார்ப்போம், அம்மைதானா என்று தெரியட்டும்’ என்று ஒத்திப்போடுவது சரியாக இந்த ஒரு நாளைத்தான். மூன்றாம் நாள் மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனைக்குத் தூக்கி வந்து, தாமதமாகத் தொடங்கிய மருந்து எதிர்பார்த்த பலன் தராதபோது, ‘பார்த்தீர்களா, அம்மைக்கு மருந்து கேட்காது’ என்கிறார்கள். விதி தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும் விதம் இது.

2. யாருடைய அம்மை? இந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பதுதான் பொது நம்பிக்கையின் பெரிய ஓட்டை. ஐந்து வயதுப் பையனின் அம்மையை வைத்து எழுதிய விதியை முப்பது வயது லாரி ஓட்டுநருக்கும், எட்டு மாதக் கர்ப்பிணிக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கும் ஒன்றுபோலப் போடுகிறோம்.

தடுப்பூசி வருவதற்கு முந்தைய அமெரிக்காவின் கணக்கு இது. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை. 10,500 முதல் 13,000 பேர் வரை மருத்துவமனையில். 100 முதல் 150 பேர் வரை மரணம். அந்த நோயாளிகளில் பெரியவர்கள் வெறும் 5 விழுக்காடு. இறந்தவர்களில் அவர்கள் சுமார் 35 விழுக்காடு. பெரியவர்களை இந்த வைரஸ் நுரையீரலில் பிடிக்கிறது. புகைபிடிப்பவர்களை இன்னும் கடுமையாகப் பிடிக்கிறது.

‘இங்கே எல்லோருக்கும் சின்ன வயதிலேயே வந்துவிடுமே’ என்பார்கள். அது குளிர் நாடுகளுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். வெப்ப மண்டல நாடுகளில் அம்மை வராமலே வளர்ந்து ஆளானவர்களின் பங்கு அதிகம் என்பது மருத்துவ உலகம் பல காலமாக அறிந்த செய்தி. நம் கல்லூரி விடுதிகளிலும் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளிலும் அம்மை அலையலையாக வருவது அதனால்தான். ஆக, குழந்தை நோய் என்று அலட்சியம் காட்ட மற்றவர்களைவிட நமக்குத்தான் உரிமை குறைவு.

கர்ப்பிணியின் கணக்கு தனி. முதல் 20 வாரத்துக்குள் அம்மை கண்டால், சிறிய விகிதத்தில், அதாவது அதிகபட்சம் நூற்றில் இரண்டு என்ற அளவில், குழந்தை கை கால் குறைபாடு, கண் குறைபாடு, தோல் வடுக்களோடு பிறக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய ஐந்து நாளிலிருந்து பிந்தைய இரண்டு நாளுக்குள் தாய்க்கு முத்து போட்டால் நிலைமை மிகவும் மோசம். வைரஸ் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் சேர நேரமிருக்காது. சிகிச்சை இல்லாத காலத்தில் அப்படிப் பாதிக்கப்பட்ட சிசுக்களில் நூற்றுக்கு முப்பது வரை இறந்ததாகப் பதிவு. இன்று அந்தச் சிசுவுக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் அசைக்ளோவிரும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணுக்கு எந்தச் சடங்கையும் விட முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘உனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா, வீட்டில் இப்போது யாருக்காவது போட்டிருக்கிறதா’ என்பதுதான். அப்படிக் கேட்கும் குடும்பங்கள் அபூர்வம்.

3. ‘செய்யாதே’ பட்டியலில் தவறானவை உள்ளே, சரியானவை வெளியே. பொருக்கு உதிரும்வரை குளிக்கக் கூடாது என்பது பட்டியலின் முதல் விதி. சின்னம்மையில் அதிகம் வரும் சிக்கலோ, சொறிந்து புண்ணான கொப்புளத்தில் பாக்டீரியா ஏறிச் சீழ் பிடிப்பது. பத்து நாள் வியர்வையோடும் அதே துணியோடும் படுத்திருப்பது அதற்கு விருந்து. வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தித் துணி உடுத்தி, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் தழும்புகூடக் குறையும். குளித்தால் முத்து பெருகும் என்பதற்கு ஆதாரமே இல்லை. நகத்துக்குப் பதில் வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொள்வது கெட்டிக்காரத்தனம். உடைந்த கொப்புளத்தின் மேல் அம்மியில் அரைத்த விழுதை அப்புவது அப்படியல்ல.

உண்மையிலேயே செய்யக் கூடாதவை இரண்டு. அம்மைக் காய்ச்சலில் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரலாம். இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தோலின் ஆழம்வரை இறங்கும் கடும் பாக்டீரியாத் தொற்றோடு ஆய்வுகள் தொடர்புபடுத்துவதால் அவற்றையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். பாட்டியின் பட்டியலில் இந்த இரண்டும் இருக்க வழியில்லை. அவள் காலத்துக் குற்றம் அது. இன்று மருத்துவரிடம் போகாமல், அதே நேரத்தில் காய்ச்சலையும் பொறுக்க முடியாமல், கடையில் ‘உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க’ என்று வாங்கும் வீடுகளில்தான் இந்த மாத்திரைகள் உள்ளே போகின்றன.

இன்னொன்று. அது சின்னம்மைதான் என்று முடிவு செய்தது யார்? தட்டம்மையாக இருந்தால் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. பார்வையையும் உயிரையும் காக்கும் மருந்து அது. கை, கால், வாயில் கொப்புளம் போடும் நோய் வேறு. மருந்து ஒவ்வாமைத் தடிப்பு வேறு. வேப்பிலை செருகிய வாசலுக்குள் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் நடக்கிறது.

4. சூட்டால் வருகிறதாம்! அப்படியானால் லண்டன்காரர்களுக்கு வரவே கூடாது. குளிர்காலத்தின் கடைசியிலும் வசந்தத்திலும்தான் அங்கே சின்னம்மை உச்சத்தில் இருக்கும். இங்கே மாசி, பங்குனியில் கூடுதலாகப் பரவுவதால் வெயில்மேல் பழி விழுந்தது. காற்றிலும் கொப்புள நீரிலும் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவும் வைரஸ் இது. ஒரே வீட்டில் எதிர்ப்பு இல்லாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேர்வரை பிடிக்கும். சூட்டுக் கொள்கையால் வரும் கெடுதல் இளநீர் குடிப்பதில் இல்லை. ‘சூடு தணிந்தால் சரியாகிவிடும்’ என்று நம்பும் வீடு, நோயாளியைப் பார்க்க வந்துபோன கர்ப்பிணியைப் பற்றி யோசிப்பதில்லை. முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுகிறது என்பதும் அந்தக் கொள்கைக்குள் அடங்காது. வேப்பிலை கட்டப்படும் முன்பே வகுப்பறைக்குப் பரவியாகிவிட்டது.

5. ‘வந்து போனால் போயிற்று’ என்கிறார்களே, போவதில்லை. சின்னம்மை இறங்கிய பின் வைரஸ் உடம்பை விட்டு வெளியேறாது. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து, வயதாகி எதிர்ப்பாற்றல் தளரும்போது, ஒரு நரம்பின் பாதையிலேயே இறங்கி வந்து உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போடுகிறது. அதுதான் அக்கி. இரண்டும் ஒரே வைரஸ் என்பதை 1950களில் தாமஸ் வெல்லர் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர், தம் ஊர் நோயாளிகளின் பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, அக்கி வெளியிலிருந்து தொற்றுவதல்ல, உள்ளே ஒடுங்கியிருந்த அம்மை மீண்டும் எழுவது என்ற விளக்கத்தை 1965இல் முன்வைத்தார். பெரிய ஆராய்ச்சி நிறுவனம் எதுவும் அவர் பின்னால் இல்லை. நோயாளிகளை மறக்காத ஒரு மருத்துவரின் குறிப்பேடுகள்தான் இருந்தன.

ஊரில் அக்கிக்கு என்ன செய்கிறோம்? குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியைக் குழைத்து எழுதிக்கொள்கிறோம். எழுதினால் இறங்குகிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளம் ஆறிவிடும். ஆறாதது வலி. வயதானவர்களில் கணிசமானோருக்குத் தோல் ஆறிய பின்னும், சட்டைத் துணி உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் எரியும் நரம்பு வலி மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. தடிப்பு கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவதால் கொப்புளம் சீக்கிரம் ஆறுகிறது, ஆரம்ப வலியின் கடுமை தணிகிறது. காவி எழுதக் காத்திருப்பதில் கழிவது அந்த 72 மணி நேரம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அக்கி வந்தால் கண் பறிபோகும் ஆபத்து உண்டு. அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாத்தாவின் அக்கிக் கொப்புள நீரிலிருந்து அம்மை வராத பேரக் குழந்தைக்குச் சின்னம்மை தொற்றலாம் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி.

ஆகவே, ‘சின்ன வயதில் வந்து போகட்டும்’ என்று விரும்புகிறவர், பிள்ளைக்கு அறுபது வயதில் வரக்கூடிய அக்கிக்கும் சேர்த்தே விதைக்கிறார். தடுப்பூசியிலும் பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ்தானே இருக்கிறது, அதுவும் ஒடுங்கிக்கொள்ளாதா? ஒடுங்கலாம். ஆனால் 2019இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் அக்கி, போடாதவர்களைவிட 78 விழுக்காடு குறைவாக இருந்தது.

6. தடுப்பூசி வியாபாரமா? அது பிறந்த கதையில் வியாபாரி இல்லை. 1964இல் ஜப்பானிய வைரஸ் ஆய்வாளர் மிச்சியாக்கி தாகஹாஷி அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்தபோது, அவருடைய சிறு வயது மகனுக்குச் சின்னம்மை கண்டது. முகம் முழுக்கக் கொப்புளம், கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல். பெற்றோர் விழித்துக் கிடந்த இரவுகளுக்குப் பிறகு பையன் பிழைத்தான். இது ‘லேசான குழந்தை நோய்’ என்ற எண்ணம் தாகஹாஷிக்கு அத்தோடு போயிற்று. நாடு திரும்பி, ஓகா என்ற குடும்பத்துச் சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸைப் படிப்படியாகப் பலவீனப்படுத்தி 1974இல் தடுப்பூசியை அறிவித்தார். உலகின் சின்னம்மைத் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை இன்றும் அந்த ஓகா வகையிலிருந்து வந்தவையே. அமெரிக்கா 1995இல் தொடங்கி, 2006இல் இரண்டு தவணையாக்கியது. நீண்ட காலம் ‘வந்து போகட்டும்’ கட்சியில் இருந்த பிரிட்டன்கூட, தன் குழந்தைகள் எல்லோருக்கும் போடப்போவதாக 2025இல் அறிவித்தது.

வியாபாரக் குற்றச்சாட்டில் ஒரு நியாயமும் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்பவர்களே கவனிக்காத நியாயம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பு இரண்டு தவணைத் தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறது. அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. விளைவு, காசுள்ள வீட்டுக் குழந்தைக்கு ஊசி, மற்ற குழந்தைக்கு வேப்பிலை. இந்த அரைகுறை நிலை அநியாயம் என்பதோடு நிற்காமல் ஆபத்தாகவும் முடியலாம். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மட்டும் ஊசி போட்டால் வைரஸ் சுற்றுவது மெதுவாகும், ஆனால் நிற்காது. ஊசி போடாதவர்கள் சிறு வயதில் தப்பி, நோய் கடுமையாகத் தாக்கும் வயதில் மாட்டிக்கொள்வார்கள். 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் போட முடியுமானால்தான் இதைப் பொதுத் திட்டமாகத் தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்வதன் காரணம் இதுதான். தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஏன் விற்கிறாய்’ என்பதல்ல. ‘அரசு ஏன் இலவசமாகப் போடவில்லை’ என்பது. அம்மைக்கு மருந்தே தேவையில்லை என்று ஒரு சமூகமே நம்பும்வரை எந்த அரசுக்கும் அந்தக் கேள்வி வந்து சேராது.

மாரியம்மனை இதில் இழுக்கத் தேவையில்லை. பெரியம்மையை ஒழித்த ஆண்டுகளில் இந்தியாவில் எந்த அம்மன் கோயிலும் மூடப்படவில்லை. தடுப்பூசிக்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள், கூழும் ஊற்றப்பட்டது. கூழ் ஊற்றுபவர் மாத்திரையும் விழுங்கலாம்.

கடைசியாக, நம்பிக்கை நிறுவனமாகும்போது நடப்பது. ஒரு கல்லூரி விடுதியில் இரண்டு மாணவிகளுக்கு முத்து போட்டதும் நிர்வாகம் வழக்கமாகச் செய்வது, எல்லோரையும் பத்து நாள் ஊருக்கு அனுப்பிவிடுவது. அடுத்த இரண்டு வாரத்தில், ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு அவரவர் வீட்டில் கொப்புளம் வரும். ஒரு விடுதியின் அம்மை இருபது கிராமங்களுக்குப் பஸ் ஏறுகிறது. அங்கே பிள்ளைத்தாய்ச்சி அக்காவும் கீமோ எடுக்கும் அத்தையும் இருக்கிறார்கள். இதற்கு மாற்று ஒன்றும் கடினமல்ல. நோய் கண்டவர்களைத் தனி அறையில் வைத்து, முதல் நாளே மருத்துவரிடம் காட்டி மாத்திரையைத் தொடங்கலாம். மற்றவர்களில் இதுவரை அம்மை வராதவர், தடுப்பூசி போடாதவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர்களுக்குத் தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள், தவறினால் ஐந்து நாளுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும். உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்கும் அதைப் போடக் கூடாது. விடுதிச் சமையலறையிலோ ஆசிரியர் அறையிலோ அப்படி யாரேனும் இருந்தால், அவருக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அன்றைக்கே நடக்க வேண்டும். இல்லையென்று தெரிந்தால் எதிர்ப்புப் புரத ஊசியைப் பத்து நாளுக்குள் போட்டாக வேண்டும்.